முகத்துக்கா, சன்னலுக்கா? கள ஆய்வில் ஒளி அளவீடு

கள மொழியியல் பயிலும் மாணவருக்கு ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லித்தரப் பலர் உண்டு. ஒலிவாங்கியை வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது, காற்றின் இரைச்சலை எவ்வாறு தடுப்பது, கோப்பைச் சுருக்காமல் சேமிப்பது ஏன் என்பனவெல்லாம் பயிற்சிகளில் வழக்கமாக இடம்பெறுபவை. படக்கருவியைப் பற்றிய அறிவுரையோ பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: முக்காலியில் நிறுத்துக, தானியங்கி நிலையில் விடுக.

அந்த ஒற்றை வரியின் விளைவு கள ஆய்வுக் காணொளிகளோடு பழகிய எவருக்கும் தெரிந்ததே. வீட்டின் நடைவாசலையொட்டி ஒரு மூதாட்டி அமர்ந்து கதை சொல்கிறார். அவருக்குப் பின்னால் வெயில் விழும் முற்றம். முற்றத்தில் மேயும் கோழியின் இறகுகளை எண்ணிவிடலாம். கதை சொல்பவரின் முகம் மட்டும் கரிய நிழலுருவாக நிற்கிறது. உதடு தெரியவில்லை, புருவம் தெரியவில்லை, கண் எங்கே பார்க்கிறது என்பதும் தெரியவில்லை. ஆவணக் காப்பகத்தில் அந்தப் பதிவு மூதாட்டியின் பெயரில் இருக்கும். படத்தில் இருப்பதோ முற்றம்.

கருவி பழுதானதால் இது நேர்வதில்லை. கருவி தனக்கு இடப்பட்ட பணியைச் சரியாகவே செய்தது. எதை அளக்க வேண்டும் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒளி அளவீட்டு முறையைத் தெரிவு செய்வது ஒளிப்படக் கலைஞரின் நுட்பம் என்று ஒதுக்கத்தக்கதன்று. எது தரவு, எது பின்னணி என்று தீர்மானிக்கும் ஆய்வு முடிவு அது. கள ஆய்வு முறையியலைக் கற்பிக்கும் துறைகள் அதை அவ்வாறே கற்பிக்க வேண்டும்.

படக்கருவிக்குள் இருக்கும் ஒளியளவி, பொருளின் மீது விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. ஆகவே, ஒரு பரப்பு மங்கலாகத் தெரிந்தால் அது குறைந்த ஒளியில் உள்ள வெண்மையா, நிறைந்த ஒளியில் உள்ள கருமையா என்று அதனால் பிரித்தறிய இயலாது. அந்த அறியாமையை ஈடுசெய்ய அது ஓர் அனுமானத்தை வைத்துக்கொள்கிறது: தான் காண்பது சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று இதை மரபாகக் குறிப்பர். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த மதிப்பு சற்று வேறுபட்டாலும் அனுமானத்தின் இயல்பு மாறுவதில்லை.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. கட்ச் வெண்ணுப்புப் பாலையில் எடுத்த படம் அழுக்கேறிய சாம்பலாக வரும். ஸ்பிதியின் பனியும் அப்படியே. கருங்கல்லில் பொறித்த கல்வெட்டோ வெளிறிச் சாம்பலாகும். வெண்மையையும் கருமையையும் ஒரே நடுநிலைக்கு இழுத்து வருவதே ஒளியளவியின் தொழில். வெண்பரப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டியும், கரும்பரப்புக்கு அதே அளவு குறைத்தும் திருத்த வேண்டிய பொறுப்பு கருவியைப் பிடித்திருப்பவருடையது. ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ குறிக்கும்.

சட்டகத்தின் எந்தப் பகுதியை இந்த அனுமானத்துக்கு உட்படுத்துவது என்பதைத்தான் அளவீட்டு முறைகள் தீர்மானிக்கின்றன. நிக்கான் 'மேட்ரிக்ஸ்' என்றும் கேனான் 'எவால்யுவேட்டிவ்' என்றும் அழைக்கும் முறை, சட்டகம் முழுவதையும் பல பகுதிகளாகப் பிரித்து ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. 1983இல் வெளிவந்த நிக்கான் எஃப்ஏ கருவி சட்டகத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்தது. இன்றைய கருவிகள் அதனினும் மிக நுண்ணிய பகுப்போடு முகத்தையும் தேடிக் கண்டறிய முயல்கின்றன. 'சென்டர் வெயிட்டட்' முறை முழுச் சட்டகத்தையும் கணக்கில் கொண்டாலும் நடுப்பகுதிக்கே மிகுந்த எடை தருகிறது. 'ஸ்பாட்' எனப்படும் புள்ளி அளவீடு, கருவிக்கேற்பச் சட்டகத்தில் ஏறத்தாழ 1.5 முதல் 5 விழுக்காடு வரையுள்ள சிறு வட்டத்தை மட்டும் அளந்து, எஞ்சியதை அடியோடு புறக்கணிக்கிறது. மிகு ஒளிர்வுப் பகுதிகள் வெளிறிப்போகாமல் காக்கும் முறை ஒன்றை நிக்கான் 2014இல் டி810 கருவியோடு கொண்டுவந்தது. பிற நிறுவனங்களின் சில கருவிகளிலும் இன்று அதை ஒத்த வசதி உண்டு.

மொழியியல் மாணவருக்கு இவ்விடத்தில் 'குறியற்ற வடிவம்' என்ற கருத்து நினைவுக்கு வர வேண்டும். ஒரு மொழியில் குறியற்றதாக நிற்கும் வடிவம் இயற்கையானதென்றும் நடுநிலையானதென்றும் தோற்றம் தரும். அது எந்த வழக்கத்தின் விளைவு என்பதை வெளிப்படுத்துவதே ஆய்வாளரின் வேலை. படக்கருவியின் தானியங்கி நிலையும் ஒரு குறியற்ற வடிவமே. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த முறையில் அமைந்து வருவதால் அது ஒரு தெரிவாகவே தோன்றுவதில்லை. சட்டகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது எதுவோ அதற்கே முதன்மை என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது. சட்டகத்தை அடைத்திருப்பது முற்றத்து வெயிலானால் வெயிலே கதைத்தலைவன் ஆகிவிடும்.

படம் சற்று இருண்டால் மொழியியலுக்கு என்ன இழப்பு என்ற கேள்வி எழலாம். 1976இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தரும். 'க' ஒலிக்கும் உதட்டசைவைக் காட்டி 'ப' ஒலியைக் கேட்கச் செய்தபோது, பலர் அவ்விரண்டையும் விடுத்து 'த' போன்ற ஒலியைக் கேட்டதாகக் கூறினர். பேச்சைக் கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பது அன்று முதல் பாடநூல் செய்தி. இதழ் குவிகிறதா, எவ்வளவு குவிகிறது, தாடை எவ்வளவு இறங்குகிறது என்பவை ஒலியனியல் விவரணைக்கு நேரடிச் சான்றுகள். பேசுபவர் மீண்டும் கிடைக்காத நிலையில் அந்தச் சான்று காணொளியில் மட்டுமே எஞ்சும்.

சைகை மொழி ஆய்வில் இந்த இழப்பு இன்னும் கடுமையானது. புதுதில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்களோடு அகராதி ஒன்றை வெளியிட்டு, 2021இல் அதை 10,000 சொற்களாக விரிவாக்கியது. சைகை மொழியில் முகம் இலக்கணத்தின் ஓர் உறுப்பு. வினாவையும் எதிர்மறையையும் உணர்த்துவதில் புருவமும் தலையசைவும் பங்கேற்கின்றன. கை தெரிந்து முகம் இருண்ட பதிவு, சொற்கள் கேட்டு விகுதிகள் கேட்காத ஒலிப்பதிவுக்குச் சமம். எலான் போன்ற மென்பொருளில் அத்தகைய பதிவைத் திறந்து, புருவ அசைவுக்கென்று ஓர் அடுக்கைத் தொடங்கினால், அந்த அடுக்கு வெறுமையாகவே கிடக்கும்.

நிக்கோலாஸ் ஹிம்மல்மன் 1998இல் ஆவண மொழியியலை விவரண மொழியியலிலிருந்து பிரித்துக் காட்டியபோது முன்வைத்த எதிர்பார்ப்பு, பிற்காலத்தவரும் பிற துறையினரும் பயன்படுத்தத்தக்க பன்னோக்குப் பதிவு என்பதே. இலக்கணம் எழுதுபவருக்கு ஒலி மட்டும் போதும் என்று இன்று தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதிவைத் தேடி வருபவர் அந்த மூதாட்டியின் கொள்ளுப்பேத்தியாகவும் இருக்கலாம். கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் எடுக்கப்பட்ட கிராமஃபோன் பதிவுகளில் முகங்கள் இல்லை. அன்றைய தொழில்நுட்பம் அவ்வளவே இடம் தந்தது. அந்தமானின் போ மொழியை இறுதியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். இன்று அவரைக் காணொளியில் பார்த்தும் கேட்கலாம் என்பது, அவரோடு பணியாற்றியவர்கள் பதிவைப் பொருட்படுத்தியதால் கிட்டிய பேறு. தொழில்நுட்பம் இடம் தரும் காலத்திலும் முகத்தை இழப்பதற்கு அன்றைய கிராமஃபோன் குழுவினருக்கு இருந்த நியாயம் இன்று எவருக்கும் இல்லை.

இதில் நிறம் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்ணப்படக் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக வைத்திருந்தன. 'ஷெர்லி அட்டை' என்று அது வழங்கப்பட்டது. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்தது. அது அச்சில் நிறத்தைச் சமன்செய்வது பற்றிய கதை. ஒளியளவிக்குத் தோலின் நிறம் பற்றிய எந்தக் கருத்தும் கிடையாது. ஆயினும், கருநிறத் தோலும் வெண்ணிறப் பின்னணியும் ஒரே சட்டகத்தில் வரும்போது யார் பக்கம் இழப்பு சாய்கிறது என்று பார்த்தால், இரண்டும் ஒரே திசையையே காட்டுகின்றன. இந்தியக் களத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர், வெள்ளை வேட்டி, வெயிலேறிய முற்றம் ஆகியவை எங்கும் உண்டு. அவற்றின் முன் அமர்பவரின் முகம் இருண்டுபோவதை இயல்பென்று ஏற்பது, யாருடைய முகம் இருண்டாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானத்துக்கு இணங்குவதாகும்.

அதனால் எப்போதும் புள்ளி அளவீட்டுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்வதும் தவறு. புள்ளி அளவீடும் அதே நடுச்சாம்பல் அனுமானத்தையே பின்பற்றுகிறது. ஆழ்ந்த பழுப்பு நிறக் கன்னத்தில் வட்டத்தை வைத்து அளந்தால், கருவி அதைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இயல்புக்கு மீறி வெளுக்கச் செய்யும். வெள்ளைச் சேலை நூலிழை தெரியாத வெறும் வெண்மையாகும். அத்தகைய முகத்துக்குப் புள்ளி அளவீட்டில் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டியிருக்கும். வெளிர்நிறத் தோலுக்கு ஒரு ஸ்டாப் அளவு கூட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைச் சுருக்கும் பழைய வழி ஒன்று உண்டு. முகங்கள் வேறுபடும் அளவுக்கு உள்ளங்கைகள் வேறுபடுவதில்லை. பேசுபவர் அமர்ந்திருக்கும் அதே ஒளியில் ஆய்வாளர் தம் உள்ளங்கையைப் பிடித்து, அதைப் புள்ளியாக அளந்து, ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்டினால் பெரும்பாலும் சரியான மதிப்பு கிட்டும். சாம்பல் அட்டை இருந்தால் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை.

இனி, களத்தில் வழக்கமாகச் சந்திக்கும் ஒளி நிலைகள்.

நடைவாசலும் சன்னலும். உள்ளிருப்பவருக்கும் வெளியிலுள்ள வெயிலுக்கும் இடையே ஏழு ஸ்டாப் வேறுபாடு எளிதில் வந்துவிடும். அதாவது 128 மடங்கு ஒளி. இங்குப் புள்ளி அளவீட்டில் முகத்தை அளந்து, வெளிப்புறம் வெளிறிப்போவதை ஏற்பதே முறை. அதற்கு முன், கருவியை இடம் மாற்றிச் சன்னலின் ஒளி பேசுபவரின் முகத்தில் விழுமாறு அமைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எந்த அளவீட்டு முறையும் நல்ல இருக்கைக்கு ஈடாகாது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே பேசுபவரை அதற்காக எழுப்பி நகர்த்துவது பேச்சையே மாற்றிவிடும். அங்கு நகர வேண்டியது முக்காலிதான்.

மர நிழல். சால் மரத்தடியிலோ இலுப்பை மரத்தடியிலோ இலைகளினூடே விழும் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் ஆடும். சட்டகம் முழுவதையும் அளக்கும் முறை இங்குக் குழம்பும். புள்ளி அளவீடோ வட்டம் வெயிலில் விழுந்தால் ஒரு மதிப்பையும் நிழலில் விழுந்தால் வேறொரு மதிப்பையும் தரும். முழு நிழலுள்ள இடத்துக்கு அனைவரும் சேர்ந்து நகர்வது நலம். முழு நிழலில், அல்லது மேகம் மூடிய வானத்தின் கீழ், பின்னணியும் அதே ஒளியில் இருக்குமானால் தானியங்கிப் பகுப்பு முறையே போதுமானது. அதைக் கையாள அஞ்சத் தேவையில்லை. ஒளி சீராக இருக்கும் இடமே அதற்குரிய இடம்.

பனி, உப்பு, கடற்கரை மணல், மூடுபனி. சோஹ்ராவின் மூடுபனியில் எடுக்கும் படமும் வெண்பரப்பின் முன் எடுக்கும் படமே. பகுப்பு முறையைத் தொடர்ந்தாலும் ஒரு ஸ்டாப் அளவு கூட்டி, ஹிஸ்டோகிராம் வலக்கோடியில் முட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவு நிகழ்ச்சி. சத்தீஸ்கரின் பண்டவானி போன்ற கதைப்பாடல் இரவில் மேடை விளக்கின் கீழ் நிகழும்போது சட்டகத்தின் பெரும்பகுதி இருள். சராசரி பார்க்கும் கருவி இருளைச் சாம்பலாக்க முனைந்து, பாடகரின் முகத்தை வெளிறச் செய்யும். முகத்தில் புள்ளி அளவீடு, அல்லது மிகு ஒளிர்வைக் காக்கும் முறை இங்குப் பொருந்தும்.

ஏடும் செப்பேடும். ஒடிய ஓலைச்சுவடியையோ அசாமின் சாஞ்சிப்பட்டைச் சுவடியையோ படமெடுக்கும்போது அதைத் தாங்கும் துணியின் நிறமே அளவீட்டை ஏமாற்றிவிடும்: கருந்துணியில் ஏடு வெளிறும், வெண்துணியில் கறுக்கும். சாம்பல் அட்டையை ஏட்டின் இடத்தில் வைத்து ஒருமுறை அளந்து, அந்த மதிப்பை மேனுவலில் நிறுத்தி, கட்டு முழுவதையும் அதே மதிப்பில் எடுக்க வேண்டும். ஏட்டுக்கு ஏடு மாறும் நிறம் அப்போது ஏட்டின் நிறமாகவே இருக்கும். கருவியின் ஊசலாட்டமாக இராது. செப்பேட்டில் பளபளக்கும் புள்ளிகள் எழுத்தை விழுங்கும். அங்கு விளக்கின் கோணத்தை மாற்றுவதே முதல் மருந்து.

காணொளிக்கு இன்னொரு விதி உண்டு: அளந்தபின் பூட்டிவிட வேண்டும். தானியங்கி அளவீடு ஓடிக்கொண்டே இருந்தால், பேசுபவர் வெள்ளைத் துண்டை உதறும்போதும் பின்னால் ஒருவர் கடந்து செல்லும்போதும் படம் கறுத்து வெளுக்கும். சைகை மொழிப் பதிவில் புள்ளி அளவீட்டை ஓடவிட்டால், கை வட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் முகத்தின் ஒளி மாறும். முகத்தை அளந்து, மேனுவலுக்கு மாறி, அந்த மதிப்பிலேயே நிறுத்திவிடுவது பாதுகாப்பு. நிக்கானின் பல கருவிகளில் புள்ளி வட்டம் தெரிவு செய்த குவியப் புள்ளியோடு நகரும். கேனானின் பல கருவிகளில் நடுவிலேயே நிற்கும். கையிலிருக்கும் கருவி எந்த வகை என்பதைக் களத்துக்குப் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசி மட்டுமே உள்ள மாணவருக்கும் இவை பொருந்தும். திரையில் முகத்தைத் தொடுவது ஏறத்தாழப் புள்ளி அளவீடே. பெரும்பாலான கைப்பேசிகளில் அதே இடத்தை நீண்ட நேரம் அழுத்தினால் அளவு பூட்டப்படும். விரலை மேலும் கீழும் நகர்த்தினால் ஒளி கூடும், குறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை எளிதில் தள்ளத்தக்கவையும் அல்ல. மூலக் கோப்பான 'ரா' வடிவில் எடுத்தால் இருண்ட முகத்தைப் பின்னர் மீட்கலாம் என்பர். அசையாப் படத்தில் அது ஓரளவு உண்மை. மாணவர்கள் கையிலுள்ள பெரும்பாலான கருவிகள் காணொளியைச் சுருக்கிய வடிவில்தான் சேமிக்கின்றன. அதில் இருண்ட பகுதியை உயர்த்தினால் முகத்தோடு இரைச்சலும் மேலெழும். அளவு மீறி வெளிறிப்போன பகுதியில் மீட்க எதுவும் இருப்பதில்லை. இக்காலக் கருவிகள் முகத்தைத் தாமே கண்டறிகின்றன என்பது அடுத்த மறுப்பு. கண்டறிகின்றன, ஆனால் பின்னொளியில் நிழலுருவான முகமே அவை தவறவிட வாய்ப்புள்ள முகம். உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில் அந்த உதவியை நம்பி இருக்க முடிவதில்லை.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. களத்தில் ஆய்வாளரின் கவனம் மனிதர் மீது இருக்க வேண்டும். பொத்தான்களைத் திருகிக்கொண்டிருப்பவரிடம் யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார். இது மெய்யே. இதன் தீர்வும் பயிற்சியே. பழகிய கைக்கு, முகத்தை அளந்து பூட்டுவது அரை நிமிட வேலை. ஒலிவாங்கியைச் சட்டையில் குத்தும் நேரத்தை விடக் குறைவு. பழகாத கைதான் பேச்சின் நடுவே தடுமாறும்.

ஆகவே வேண்டுவது மிகப் பெரிதன்று. கள ஆய்வு முறையியல் தாளில் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று போதும்: ஒரே ஆளை ஒரே சன்னலின் முன் அமர்த்தி, ஒவ்வொரு அளவீட்டு முறையிலும் ஒரு படம் எடுத்து, அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். பதிவின் மீத்தரவில் ஒலிவாங்கியின் பெயரோடு அளவீட்டு முறையையும் எக்ஸ்போஷர் திருத்தத்தையும் குறிக்க ஒரு கட்டம் இருக்கட்டும். துறையின் கருவிப் பையில் ஒரு சாம்பல் அட்டை கிடக்கட்டும். ஆய்வேட்டை மதிப்பிடுவோர், ஒலித்தரத்தைக் கேட்பதுபோல முகம் தெரிகிறதா என்றும் கேட்கட்டும்.

பதிவு தொடங்குமுன் சோதனைக் காட்சி ஒன்றை எடுத்து, அதைப் பேசுபவரிடமே காட்டுவதும் வழக்கமாக வேண்டும். தம் குரல் எப்படிப் பதிவாகிறது என்று கேட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இருப்பதுபோல, தம் முகம் எப்படிப் பதிவாகிறது என்று பார்த்து, போதாது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இந்தப் படத்தைக் காட்டிவிட்டால், எதற்கு ஒப்புகிறார் என்பது அவருக்கும் தெளிவாகும்.